இரண்டு முள்ளும் ஒரு கிளட்ச் பிளேட்டும்

வண்டிகளுக்கு இழுவை ஏற்றிக் கொடுப்பது என் தொழில். நான் ஏற்றிய இழுவையைத் தாங்க முடியாமல் தேய்ந்துபோன கிளட்ச் பிளேட்டை இறக்கி எடுப்பது என் கூட்டாளி நசீர் நானாவின் தொழில். கட்டுகஸ்தோட்டையில் ஒரே கூரையின் கீழ் இரண்டையும் செய்கிறோம். என் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு லேப்டாப். அவர் பக்கத்தில் ஜாக்கியும் கிரீஸும் நீளமான பெருமூச்சும்.

கண்டி ஏற்றங்களில் பஸ்ஸுக்குப் பின்னால் பாதிக் கிளட்ச்சில் நின்று இடது கால் நடுங்கியவர்கள் நீங்கள். உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற தட்டுதான் கிளட்ச். கம்பனி அதைத் தன் இஞ்சினுக்கு அளவாக, கொஞ்சம் தாராளமாகப் போட்டு அனுப்புகிறது. நான் லேப்டாப்பை மாட்டி இஞ்சினை உசுப்பிவிட்டால் அந்தத் தாராளம் தீர்ந்துபோகும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் திரையில் இழுவைக் கோடு ஹந்தானை மலை மாதிரி எழும்பும்போது தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது. அதுதான் என் வியாதி.

கனவில் ஓடுவது

அக்குறணையில் பார்மசி வைத்திருக்கும் ரிஸ்வானின் டர்போ காருக்கு நான் டியூனிங் செய்து அனுப்பி ஒரு வாரம்தான் இருக்கும். திரும்பி வந்தார். முறைப்பாடு இல்லை, சந்தேகம்தான் என்றார். சத்தம் நாளுக்கு நாள் நன்றாகிறது, வேகத்தை மட்டும் காணோம். "வாங்க, போய்ப் பார்ப்போம்" என்று கடுகண்ணாவை ஏற்றத்துக்குக் கூட்டிப்போனேன்.

நாலாவது கியரில் காலை அழுத்தினேன். இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் துள்ளி மேலே போனது. வேகத்தைக் காட்டும் முள் அறுபதில் அப்படியே நின்றது. கனவில் யாரோ துரத்த நாம் ஓடுவோமே, கால்கள் ஓடும், இடம் நகராது, அதேதான். கிளட்ச் வழுக்குகிறது என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். வெளியே மழை மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, உள்ளே இஞ்சின் உச்சத்தில் பாடியது, மரங்கள் மெதுவாகப் பின்னால் போயின. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மிதப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு வளைவு அப்படியே போனேன். சீமெந்து ஏற்றிய லொறி ஒன்று எங்களை முந்தியபோது ரிஸ்வான் அமைதியாகச் சொன்னார்: "செபா, சத்தம் எனக்கு முன்னால போகுது. நான்தான் பின்னால வாரன்."

இடது கால்

நானா பழைய பிளேட்டைக் கழற்றிக் காட்டினார். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பிடிப்பு என்பதே இல்லை. கம்பனி பிளேட்டே திரும்பப் போட்டு என் டியூனிங்கைக் குறைக்கலாம் என்றார் அவர். குறைப்பதா? எனக்கு மனம் வரவில்லை. பந்தயக்காரர்கள் போடும் கனத்த கிளட்ச்சை வரவழைத்துப் போடவைத்தேன். இப்போது வழுக்கவில்லை. காலை வைத்தால் வண்டி முதுகில் அடித்துத் தள்ளியது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஒரு பிளேன்டீ குடித்தேன்.

பெரஹெரா ஊர்வலக் காலம் வந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து டவுனுக்கு வண்டிகள் ஒட்டிக்கொண்டு நகர்ந்தன. அந்தக் கனத்த பெடலை ஒன்றரை மணித்தியாலம் மிதித்து மிதித்து விட்டால் எந்த மனிதன் தாங்குவான்? ரிஸ்வான் வண்டியை எங்கள் வாசலில் விட்டுவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்து கதிரையில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே நானாவைப் பார்த்துக் கேட்டார்: "நானா, இத ஓட்ட இன்னொரு எடது கால் வேணும். ஒங்கட்ட ஸ்பெயார்ல ஈக்குதா?"

தேயிலை வாசம்

அமல்ராஜ் சேர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். வீடு ஹேவாஹெட்டையில். படிக்கிற காலத்தில் கொப்பிக் கடைசிப் பக்கத்தில் வரைந்து பார்த்த அதே ரகக் காரை, பழையதுதான், நாற்பது வயதில் வாங்கினார். வாங்கிய ஆறாம் மாதம் அவருடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு போக வேண்டும். பந்தயத்துக்குப் பிறந்த வண்டி இப்படி நோயாளி வண்டியாகிவிட்டது.

"திரும்பிப் போறப்ப அப்பா ரொம்பத் தளர்ந்து போயிடுறாருண்ணே. அம்மாவும் இருக்காங்க. வளைவுல டர்போ எழும்புற வரைக்கும் வண்டி மூச்சுத் திணறுது, குலுங்குது. கொஞ்சம் இழுவை குடுங்க" என்றார். கொஞ்சம் என்ற சொல் என் காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. கீழ்ச் சுற்றிலேயே முழு இழுவையும் வரும்படி அமைத்தேன். திரையில் கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. கம்பனி கிளட்ச்சுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. மெதுவான வேகம், பெரிய கியர், முழுப் பாரம், அப்போதுதான் அது வழுக்கும்.

அமல்ராஜ் சேர் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது நான் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு தலாத்துஓயா தாண்டி ஏறிப் பார்த்தேன். பறந்தது. ஒரு வளைவில் கருகல் வாசம் அடித்தது. பக்கத்தில் தேயிலை ஃபேக்டரியின் தகரக் கூரை பனிக்குள் தெரிந்தது. இலை வறுக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கி நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். பின்னேரம் சேர் வண்டியை எடுத்துப் போனபிறகு, அந்த வாசத்தின் அருமையை நானாவிடம் வர்ணித்தேன். அவர் கை துடைப்பதை நிறுத்தினார். "செபா, அந்த ஃபேக்டரி மூடி மூணு வருசம். அதுட பொய்லர நான்தானே லொறியில ஏத்தின."

பனிக்குள் மூன்று பேர்

கருகியது கிளட்ச்தான் என்று அன்றைக்கே அமல்ராஜ் சேருக்குச் சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். அடுத்தடுத்த நாளும் அதையேதான் செய்தேன். நான் செய்த வேலை பிழை என்று என் வாயாலேயே சொல்ல வேண்டுமே என்ற கூச்சம், வேறொன்றுமில்லை. ஐந்தாம் நாள் பின்னேரம் அவரே போன் எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டது, இஞ்சின் இரைகிறது, சக்கரம் அசையவில்லை, அப்பாவுக்குக் குளிர் தாங்கவில்லை.

நானா தன் வேனை எடுத்தார். வீட்டிலிருந்து இரண்டு போர்வையும் ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீரும் வாங்கிக்கொண்டார். மேலே போகப் போக வெள்ளையாக இருந்தது. கல்லும் மரமும் கிட்டே வந்தபிறகுதான் உருவம் எடுத்தன. கடைசியில் அந்தக் கார், உள்ளே மூன்று பேர். பின் சீட்டில் அப்பா சூசை ஐயா மனைவியின் தோளில் தலைவைத்து ஒடுங்கியிருந்தார். அவர் கையைப் பிடித்து வேனுக்கு ஏற்றினேன்; மூங்கில் குச்சி மாதிரி இருந்தது, நடுங்கிக்கொண்டும் இருந்தது. அந்த நடுக்கத்துக்கு நான்தான் காரணம். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

"மன்னிச்சுக்குங்க ஐயா, எனக்கு வாசம் தெரிஞ்சுது. தேயிலைன்னு நினைச்சிட்டேன்" என்றேன். அமல்ராஜ் சேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சூசை ஐயா தோட்டத்து ஃபேக்டரியில் இலை உலர்த்தும் அறையில் காலம் முழுக்க வேலைசெய்தவர் என்று எனக்கு அப்போது தெரியாது. போர்வைக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்: "போன தடவையே மகன்கிட்ட சொன்னேன் தம்பி, எந்தத் தேயிலையும் இப்புடி நாறாதுன்னு. படிச்ச புள்ள, கேக்கல."

குறைத்த வேலை

நானா கம்பனி பிளேட்டே புதிதாகப் போட்டார். என் பக்கத்து வேலைக்கு மூன்று நாள் பிடித்தது. ஏற்றுவதற்கு அரை நாள் போதும். குறைக்கத்தான் பொறுமை வேண்டும். எழுந்து நின்ற கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்க வைத்தேன். கீழ்ச் சுற்றில் இழுவை அவசரப்படாமல் மெல்ல வரட்டும், வளைவில் மூச்சுத் திணறாத அளவுக்கு, கிளட்ச்சை மிரட்டாத அளவுக்கு. முந்தி ஒரு கோட்டை உயர்த்தும்போது கிடைத்த மயக்கம் இதில் இல்லை. வேறொரு அமைதி இருந்தது, அதற்கு எனக்குப் பெயர் தெரியாது.

பின் சீட்டில் இரண்டு மூட்டை அரிசியை வைத்து பெல்ட் போட்டேன். பக்கத்தில் நானா. அதே ஏற்றம், அதே பனி. நாலாவது கியரில் காலை அழுத்தினேன். இரண்டு முள்ளும் ஒன்றாக எழும்பின, சண்டை போட்டு ராசியானவர்கள் சேர்ந்து கோயிலுக்குப் போவதுபோல. வாசம் ஏதும் இல்லை. ஈர மண் வாசம் மட்டும். ஒருதடவை போதும் என்று நானா சொல்லியும் கேட்காமல் ஏழு தடவை ஏறி இறங்கினேன். கடைசித் தடவை அவர் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அரிசிக்கே தல சுத்தும். இப்ப சரிதான், எறங்கு."

ஆஸ்பத்திரி நாள்

அமல்ராஜ் சேர் வண்டியை எடுத்துப் போனார். என்னோடு அதிகம் பேசவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆஸ்பத்திரி நாளில் பின்னேரமானால் எனக்கு வேலை ஓடாது. இப்போது தலாத்துஓயா தாண்டியிருப்பார்கள், இப்போது அந்த ஃபேக்டரி வளைவு என்று மேசையில் இருந்தபடியே நானும் கூட ஏறிக்கொண்டிருப்பேன். போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பேன். நானாவும் வேன் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

மூன்றாம் வாரம், அப்படி ஒரு பின்னேரத்தில் அமல்ராஜ் சேரின் பெயர் போனில் மின்னியது. நானா எழுந்து நின்றுவிட்டார். "சேர், எந்த எடத்துல நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டு வாசல்லண்ணே. அப்பா பாதி ஏத்தத்துலயே தூங்கிட்டாரு. எழுப்ப மனசு வரல, அப்புடியே ஒக்காந்திருக்கோம். அதான் ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு."

வண்டி பறக்க வேண்டும் என்று இத்தனை வருடம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட எனக்கு, வண்டி ஓடுவதே தெரியாமல் ஒருவர் தூங்கிப்போனதுதான் தொழிலில் கிடைத்த ஒரே நற்சான்றிதழ்.