பேஸ்மென்டில் கழிந்த சனிக்கிழமைகள்

நாடுவிட்டு வந்து வோபர்னில் நாங்கள் இருந்த அப்பாட்மென்ற்றில், சோபா போடவேண்டிய சுவரோரமாக என் கீபோட் நின்றது. ஆட்கள் வந்தால் சாப்பாட்டு மேசைக் கதிரைகளை இழுத்துப் போட்டு இருத்துவோம். மனைவி அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. தபாலில் சோபா விளம்பரத் தாள்கள் வரும்போது மட்டும், எறிவதற்கு முன் ஒருதரம் விரித்துப் பார்ப்பாள். நான் காணாததுபோல் இருந்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் காலை வேலை. அவளுக்குப் பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் பின்னேர வேலை. நான் வர அவள் புறப்படுவாள். சப்பாத்தை மாட்டியபடியே, பிள்ளைகளுக்கு எதைச் சூடாக்கிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவாள். மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. கிழமை நாட்களில் நானும் மனைவியும் கதைப்பதெல்லாம் அந்த வாசற்படியோடு முடிந்துவிடும்.

எனக்குச் சினிமாப் பாட்டுப் பைத்தியம். பாடுகிறவர்களைவிட, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இசையில்தான் உயிர். ஒரு இசையமைப்பாளரைக் கடவுளுக்கு அடுத்ததாக வைத்திருப்பதாக நான் சொல்லுவேன். மன்னாரில் கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்த என் மனைவி, "அடுத்ததாத்தான் வைச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்பாள். புதுக் கசெற் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டால் வேலை முடிந்து நேரே தமிழ்க் கடைக்குப் போவேன். பிறகு கிழமைக்கணக்கில் ஒரே பாட்டுத்தான். நாலு வினாடி வயலினைப் பிடிப்பதற்காகக் கசெற்றைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்பேன், திரும்பவும் ஓட்டுவேன். நாடா இழுபட்டு, வயலின்கள் தண்ணீருக்குள் கிடந்து அழுவதுபோல் கேட்கத் தொடங்கும். கீபோட்டில் புல்லாங்குழல் என்று இருந்த பொத்தானை அழுத்தினால் பிரஷர் குக்கர் கூவியது. அதை வைத்துக்கொண்டுதான் நான் அந்த மகா இசையைக் கட்டி எழுப்பவேண்டியிருந்தது. ஒரு மாதம் பாடுபட்டுச் சரியாக வாசித்துவிட்டால், கேட்டவர்கள் "கசெற் மாதிரியே இருக்கு" என்பார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்குக் கிடையாது.

எங்களுக்கு ஒரு இசைக்குழு இருந்தது. கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, தேவாலய மண்டபத்து ஒன்றுகூடல் என்று வாசிப்போம். பாடகர் மன்னார்க்காரர், முஸ்லிம். வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் எங்களோடு படுத்து எழும்பியவர். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, அவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டுப் பேஸ்மென்டில் சனிக்கிழமை முழுதும் பயிற்சி நடக்கும். சனிக்கிழமை என் மனைவிக்கு வேலை இல்லாத நாள். அதாவது, சமையலும் உடுப்புத் தோய்ப்பும் இரண்டு பிள்ளைகளும் அவளுக்கென்று காத்திருக்கும் நாள். கீபோட்டை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தும்போது எனக்கு உள்ளே குறுகுறுக்கும். பஸ்ஸில் ஏறியதும் அது போய்விடும். போய்விடுகிறதே என்று இன்னொரு குறுகுறுப்பு வரும்.

கீழ்வீட்டுக்காரர் தடியால் தன் முகட்டில் இடிக்கத் தொடங்கியபிறகு ஹெட்போன் வாங்கினேன். அது இன்னும் வசதியாகப் போயிற்று.

ஒரு குளிர்காலத்தில் சின்னவளுக்குக் காய்ச்சல். வேலைக்குப் புறப்படும்போது மனைவி, "இடைவேளையில போன் எடுப்பன். கூடினதோ குறைஞ்சதோ எண்டு சொல்லுங்கோ" என்றாள். நான் மருந்து கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி வைத்தேன். இரண்டு பேரும் கம்பளத்தில் படுத்துக் கார்ட்டூன் பார்த்தார்கள். கொஞ்ச நேரம்தானே என்று நான் ஹெட்போனை மாட்டினேன்.

தோளில் ஈரமாக ஏதோ பட்டது. திரும்பினேன். மனைவியின் கையுறை. அவள் கோட்டு முழுக்கப் பனி. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, பஸ் மாறி ஏறி வந்திருக்கிறாள். நான் ஹெட்போனைக் கழற்றுவதற்குள் அவள் சின்னவளருகில் குந்தி, கழுத்திலும் நெற்றியிலும் கை வைத்துப் பார்த்தாள். பிள்ளை நித்திரை.

"இப்ப காய்ச்சல் இல்லை. விட்டிட்டுது," என்றாள்.

"போன் அடிச்சதோ?" என்று கேட்டேன். கேட்கத் தேவையில்லாத கேள்வி.

மூத்தவள்தான் சொன்னாள். "அடிச்சது அப்பா. கனதரம். எனக்கு எட்டேல்லை. நான் உங்களைக் கூப்பிட்டனான்."

குசினிச் சுவரில் உயரத்தில் இருந்தது போன். மனைவி கதிரையில் இருந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. பனி உருகி அவள் காலடியில் கம்பளம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் ஏசியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவள் ஏசவில்லை. பிறகு எழும்பி, "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள்.

அந்தக் கிழமையே கீபோட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். இனி வரமாட்டேன் என்று நானாவுக்குச் சொன்னேன். சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றால், தியாகம் செய்தவனின் முகத்தோடு இருந்தேன். ஜன்னலருகே போய் நின்று வாகனத் தரிப்பிடத்தைப் பார்ப்பேன். தேத்தண்ணி தந்தால் பெருமூச்சோடு வாங்குவேன். அவள் சமைத்தாள், தோய்த்தாள், என்னைச் சுற்றிக் கூட்டினாள். நான் வீட்டில் நின்றதால் அவளுக்கு ஒரு வேலைகூடக் குறையவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு நானா இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்தார். "தங்கச்சி, தம்பியைக் கொஞ்சம் விடுங்க" என்றார்.

"நான் பிடிச்சு வைச்சிருக்கேல்லையே, நானா."

"சரி, அது போகட்டும். எங்கட பாட்டுக்காரப் பிள்ளை கல்யாணம் கட்டி மொன்றியலுக்குப் போயிட்டுது. நீங்க கோயில்ல பாடினீங்கதானே. நீங்களே வந்து பாடுங்களன்."

நான் துள்ளி எழும்பிவிட்டேன். எவ்வளவு நல்ல யோசனை! அவளும் வந்துவிட்டால் எனக்கு எந்தக் குற்றவுணர்வும் இராது. இருவருக்கும் ஒரே பொழுதுபோக்கு. "நீர் கட்டாயம் பாடவேணும்" என்று இரண்டு நாள் விடாமல் சொன்னேன். மூன்றாம் நாள் அவள், "சரி, ஒருக்கா வாறன்" என்றாள்.

சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாலுபேரும் போனோம். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, எங்கோ பார்த்துக்கொண்டு பாடினாள். சுருதி இம்மியும் விலகவில்லை. ஒரு இடத்தில் நான்தான் தவறவிட்டேன். பாட்டு முடிய நானா தலையை ஆட்டினார். எனக்குப் பெருமை தாளவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அடுத்த அடுத்த பாட்டுகளாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சின்னவள் மனைவியின் மடியில் நித்திரை.

"நல்லாத்தான் இருந்தது," என்றாள். "ஆனா இனி நான் வரேல்லை."

"ஏன்? நீர் எவ்வளவு வடிவாப் பாடினீர்."

"எனக்குப் பாட ஆசை எண்டு நான் எப்பவாவது சொன்னனானோ? கோயில்ல பாடச் சொல்லிச்சினம், பாடினன். இப்ப எனக்குச் சனிக்கிழமை நித்திரை கொள்ளத்தான் ஆசை. ஒருத்தரும் அம்மா எண்டு கூப்பிடாம, மத்தியானம் வரைக்கும்."

அவளுக்கு என்ன விருப்பம் என்று கேட்காமல், என் விருப்பத்தில் பாதியைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கொடைவள்ளல்போல் வந்திருக்கிறேன்.

"நீங்கள் போறது எனக்குக் கோவமில்லை," என்று அவளே தொடர்ந்தாள். "போங்கோ. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. மற்றது, வீட்டில அந்தக் காதுக்குப் போடுற சாமான் வேண்டாம்."

அப்படியே நடந்தது. சனிக்கிழமைகளில் ஒரு தோளில் கீபோட், மற்றக் கையில் சின்னவள், முன்னால் மூத்தவள். பேஸ்மென்டில் ஒரு மூலையில் விரிப்புப் போட்டு, நிறம்தீட்டும் புத்தகங்களும் தின்ன மீன் பணிசும் கொடுத்து இருத்திவிடுவேன். வீட்டில் ஹெட்போன் இல்லாமல் சத்தத்தைக் குறைத்து வாசித்தேன். பிழை விடும்போதெல்லாம் குசினியிலிருந்து கரண்டிச் சத்தம் ஒருகணம் நிற்கும். அந்த வருஷத் தேவாலய நத்தார் ஒன்றுகூடலில் நாங்கள் வாசித்தபோது மனைவி வந்திருந்தாள். "இரண்டாவது பாட்டில வயலின் வாற இடம் நல்லாயிருந்தது," என்றாள். அந்த இடத்துக்காக நான் இரண்டு மாதம் செலவழித்திருந்தேன். அவளுக்கு அது தெரியும், வீட்டில் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

இப்போது குற்றவுணர்வு பிள்ளைகள் பக்கம் போயிற்று. மூத்தவளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. எங்களுக்கு அன்று மாலை ஒரு கல்யாணம், பயிற்சியை விடமுடியாது. "அடுத்த வருஷம் போகலாம்" என்றேன். அவள் அழவில்லை. பேஸ்மென்டில் விரிப்பில் இருந்து, தோழிக்கென்று செய்த வாழ்த்து மட்டைக்கு இன்னும் நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் அதைக் கீபோட்டுக்கு மேலால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

நாலைந்து வருஷம் போக நானா, நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் புது வீடு வாங்கிப் போனார். கார் இல்லாமல் அங்கே போகமுடியாது. இரண்டொருமுறை அவரே வந்து ஏற்றிப்போனார். பிறகு அவருக்கும் களைத்துவிட்டது. ட்ரம்ஸ்காரர் வார இறுதியிலும் வேலை எடுத்தார். குழு கலைந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒருவரும் போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிந்திய ஒரு மாலை. மூத்தவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மேசையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். வானொலியில் நாங்கள் வழக்கமாக வாசிக்கும் பாட்டொன்று போயிற்று. எனக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"ஞாபகம் இருக்கோ? நானா மாமாவின்ர பேஸ்மென்ட். நீங்கள் ரெண்டுபேரும் மூலையில இருந்து கேட்டுக்கொண்டிருப்பீங்கள்."

"ஓம் அப்பா."

"நல்லாயிருந்ததுதானே?"

அவள் பென்சிலை வைத்துவிட்டு யோசித்தாள். என்னை நோகடிக்காமல் எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்கவேண்டும்.

"இட் வாஸ் சோ கோல்ட், அப்பா," என்றாள். "தங்கச்சி குளிர் தாங்காம எப்பவும் என்ர கோட்டுக்குள்ள கையை வைச்சுக்கொண்டிருப்பாள். நீங்கள் பாக்கேல்லையோ?"

நான் பார்க்கவில்லை. வாசிக்கும்போது எனக்கு எப்போதும் வேர்க்கும். சேர்ட் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் வாசிப்பேன்.

"சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"நீங்கள் ஹப்பியா இருந்தீங்கள்," என்றாள். பிறகு குனிந்து கணக்கைத் தொடர்ந்தாள்.