பெல்ட் இல்லாத ராக்கெட்

“அது சரி தம்பி, அந்த ஆளு உள்ள போகையில பெல்ட்டு யாரு கையில இருந்துச்சு?”

இந்த ஒரு கேள்வியில்தான் என் நாடகம் பிறந்தது. கேட்டவர் தாராவியில் ஒரு டேனரியில் தோல் பதனிடுகிறவர். என் சித்தப்பாவுக்கும் அங்கேதான் வேலை. சனிக்கிழமை கோட்டைப் பகுதி ஆபீசில் எனக்கு அரை நாள். டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டு ரயிலேறி மாஹிமில் இறங்கினால், வீட்டுக்குப் போகாமல் நேரே டேனரிக்குத்தான் போவேன். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தித்தாளை உரக்க வாசிப்பது என் வழக்கம். ருஷ்யாக்காரர் ஒருவர் ராக்கெட்டில் ஏறிப் பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பியதைப் பற்றி அன்று பெரிதாக எழுதியிருந்தார்கள். நான் ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்து, எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி பெல்ட்டைப் பற்றிக் கேட்டார்.

டேனரியைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே ஓர் அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய்கள் படுத்த வாக்கில் இருக்கும். டிரம் என்பார்கள். தோலும் சாயத் தண்ணீருமாக உள்ளே போட்டுக் கதவை மூடினால், மேலே ஓடும் இரும்புத் தண்டிலிருந்து வரும் பெல்ட் அதைச் சுற்ற வைக்கும். உள்ளே படிந்ததைச் சுரண்ட ஆள் இறங்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். கழற்றினால் மட்டும் போதாது. ஒருவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே உட்கார வேண்டும். உள்ளே போனவர் வெளியே வந்து, தன் கையாலேயே அவர் தோளிலிருந்து பெல்ட்டை எடுக்கும் வரை அவர் எழுந்திருக்கக் கூடாது. மேஸ்திரி கத்தினாலும் கூடாது, மூத்திரம் முட்டினாலும் கூடாது. எந்தச் சட்டத்திலும் இது இல்லை. அவர்களாக வைத்துக்கொண்டது. அப்படி உட்காருவதற்கு டேனரி முழுவதும் நம்புகிற ஆள் இந்தக் கேள்வியைக் கேட்டவர்தான். பெல்ட்டு அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மண்டைக்குள் திரை விலகிவிட்டது. ராக்கெட்டுக்குள் இருக்கைகளுக்குத் தோல் தைக்க மூன்று டேனரி ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள். இரண்டு பேர் உள்ளே போகிறார்கள். மூன்றாமவர் வழக்கப்படி பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ளத் தேடுகிறார். ராக்கெட்டைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறார். பெல்ட்டே இல்லை! அது எப்படி இல்லாமல் போகும் என்று கேட்கத் தலையை உள்ளே நீட்டுகிறார், கால் வழுக்குகிறது, கதவு மூடிக்கொள்கிறது, ராக்கெட் கிளம்பிவிடுகிறது. அப்புறம் வானத்தில் மூன்று பேரும் பெல்ட்டைத் தேடுவதுதான் நாடகம்.

ஒரு வாரத்தில் எழுதிவிட்டேன். ரயிலில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே எழுதினேன். தூக்குச்சட்டியிலிருந்து மோர் உருண்டை உருண்டையாக மிதக்கும். மூவரும் வாயைத் திறந்துகொண்டு அதன் பின்னால் நீந்துவார்கள். நிலாவில் இறங்கியதும் முதல் கேள்வி, “இங்க குழாய்ல தண்ணி எப்ப வரும்?” இரண்டாவது கேள்வி, “கக்கூஸுக்குக் கியூ எங்க நிக்குது?” பெல்ட்டைத் தேடித் தேடி, கடைசியில் ராக்கெட் ஓட்டும் யந்திரத்தின் ஒயரையெல்லாம் உருவி அண்ணாச்சி தோளில் போட்டுக்கொண்டு உட்காருவார். ராக்கெட் தலைகீழாக விழத் தொடங்கும். அவர் மட்டும் அசையமாட்டார். “பயப்படாதிய, ஆளு உள்ள இருக்கையில மிசின் ஓடாது!”

சித்தப்பாவும் பெல்ட்டு அண்ணாச்சியுமே நடிக்க ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது, தோலுக்கு உப்புத் தேய்க்கும் மாமா ஒருவர். ஈர்க்குச்சி மாதிரி உடம்பு, தன் வசனம் வருவதற்கு முன்பே தானே சிரித்துவிடுகிற ஆள். மூவருக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் நான் சொல்லச் சொல்லக் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். தோல் காயப்போடும் மைதானத்தில் ஒத்திகை நடந்தது. சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற டாக்ஸிக்காரன்கூட வண்டியை நிறுத்திப் பார்த்தான்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மாட்டுங்காவில் ஒரு சபா இருக்கிறது. ஆண்டுதோறும் நாடக வாரம் நடத்துவார்கள். புது எழுத்தாளர்கள் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். நான் புதியவன், எழுதியும் இருக்கிறேன். போனேன். காரியதரிசி நல்ல மனிதர். ஒரு பெரிய கம்பெனியில் அதிகாரி. தன் வீட்டு மாடியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். நானே மூன்று குரலில் முழுவதும் படித்துக் காட்டினேன். மோர் மிதக்கும் இடத்தில் அவருக்குப் புரையேறிவிட்டது. நான் வானத்தில் இருந்தேன்.

“பேஷ்! ஏ கிளாஸ்! ஒரே ஒரு சேஞ்ச் மட்டும் பண்ணிடு.”

“சொல்லுங்க சார்.”

“இந்த பெல்ட், அது இதுன்னு வரதே, அது நம்ம ஆடியன்ஸுக்குப் புரியாது. அவா ஃபேமிலியோட வர்றவா. சிம்பிளா வை. மூணு பேரும் நன்னாக் குடிச்சுட்டு ராக்கெட்டுக்குள்ள போய்த் தூங்கிப்போயிடறான். முடிஞ்சுது.”

“குடிக்கலையே சார். அவங்க ஒழுங்கா வேலை செய்யறதாலதான சார் மாட்டிக்கிறாங்க? அதுதான சார் காமெடியே.”

“தாராவின்னு சொல்றே, குடிக்கலைங்கறே! யார்ப்பா நம்புவா?” என்று சிரித்தார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னை எரித்தது. மதுவிலக்கு இருக்கிற இந்த ஊரில் டாக்டரிடம் எழுதி வாங்கிப் பெர்மிட் வைத்துக் குடிக்கிறவர்கள் உடம்பு சரியில்லாதவர்கள். பெர்மிட் இல்லாத பேட்டையில் குடியிருக்கிற ஒவ்வொருவனும் குடிகாரன். சுண்ணாம்பிலும் சாயத்திலும் கை வெந்துபோய், சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கிறவனும் குடிகாரன். சொல்ல நினைத்தேன். காப்பி கொடுத்த வீட்டில் வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று பிரதியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

டேனரியில் போய்ச் சொன்னால் எல்லோரும் கொதிப்பார்கள் என்று நினைத்தேன். சித்தப்பா முகம் மலர்ந்துவிட்டது.

“இதுக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு வந்தியாலே? குடிகாரனா நடிக்கணும், அம்புட்டுத்தான? மாட்டுங்கா மேடைலே! நம்மள வேற எவம் ஏத்துவாம்?”

உப்பு மாமா அங்கேயே ஆடிக் காட்ட ஆரம்பித்தார். ஈரத் தோல் மேல் கால் வைத்து நிஜமாகவே வழுக்கி விழுந்தார். கைதட்டினார்கள். எனக்குச் சித்தப்பா மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பெல்ட்டு அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. “நான் வரல வே. என்னை விட்டுருங்க” என்றார்.

“ஏம்வே, நடிப்புதான? என்னத்துக்குச் சும்மா காலிபீலி சண்ட?” என்றார் சித்தப்பா.

“நடிப்புதான். ஆனா டிரம்முக்குள்ள எறங்குதவன் எல்லாம் எம் மூஞ்சியப் பாத்துட்டுத்தாம் எறங்குதான். மேடையில நான் குடிச்சுட்டு உருளுதத அவம் பொண்டாட்டி பிள்ளையோட உக்காந்து பாத்துட்டு, மறுநாள் எப்படிவே எறங்குவாம்? அவம் எறங்குனாலும் அவ விடுவாளா?”

சித்தப்பா அப்போதும் விடவில்லை. அண்ணாச்சிக்குப் பதிலாக வேறு ஆள் போடலாம், காரியதரிசியிடம் பேசிப் பார்க்கலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு கிளம்பிவிட்டார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தும் தோல் வாசனை போகவில்லை என்று கையை முகர்ந்துகொண்டே வந்தார். நான் எனக்குள் ஒரு வாதத்தைத் தயார் செய்துகொண்டே நடந்தேன். பெல்ட் இருக்கட்டும், அண்ணாச்சி இருக்கட்டும், குடி வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் பிரதியைத் திருப்பி வாங்கிவிடுவது.

சபா ஹாலுக்குள் நுழைந்தோம். மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. என் நாடகம்தான்!

மூங்கிலிலும் அட்டையிலும் ஒரு ராக்கெட் செய்து ஜிகினா ஒட்டியிருந்தார்கள். அடிப்பாகம் கிடையாது, தரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதற்குள் பேங்கில் வேலை பார்க்கும் சபாப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். சன்னல் வழியே பாட்டிலை நீட்டி, “ஏலே... நெலா ரெண்டா தெரியுதுலே...” என்று விக்கினான். அந்த வரி நான் எழுதியதில்லை. ஹாலில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் பேசுகிற பேச்சு அவன் வாயில் கோணிக்கொண்டு வந்தது.

காரியதரிசி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். “வா வா! எப்படி இருக்கு? உன் பேரைப் பெருசாப் போடறோம்.”

“இது என் நாடகம் இல்ல சார்.”

“ஏன்ப்பா கோச்சுக்கறே? ஐடியா உன்னுதுதானே? நம்ம பசங்க நடிச்சா ப்ரொனௌன்சியேஷன் தெளிவா இருக்கும். இவர் யாரு, உன் சித்தப்பாவா? ரொம்ப நல்லதாப் போச்சு. உங்க ஆளுங்க நாலு பேரைக் கூட்டிண்டு வாங்கோ. செட் தூக்க ஆளே இல்லே.”

நான் கத்தத் தொடங்கினேன். என்ன கத்தினேன் என்று இப்போது கோர்வையாகச் சொல்ல முடியாது. தமிழ், ஹிந்தி, ஆபீஸ் இங்கிலீஷ் எல்லாம் கலந்து வந்தது. வசனம் எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டர் கையிலிருந்த பிரதியைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. பாதி என் கையில் வந்தது, பாதி அவரிடம் நின்றது.

இந்தக் களேபரத்தில் சித்தப்பா மேடையேறியதை யாரும் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். ஈரத் தோல் கட்டைத் தூக்குகிற மாதிரி குனிந்து, மூங்கிலில் தோளைக் கொடுத்து, ராக்கெட்டை அப்படியே தூக்கிவிட்டார். உள்ளே இருந்த இரண்டு பேரையும் சேர்த்து மூங்கில் சட்டம் இழுத்துக்கொண்டு போனது. அடியில் நான்கு கால்கள் தடுமாறி ஓடின.

“யோவ்! யோவ்! கீழ வைய்யா!” என்று ராக்கெட் கத்தியது.

“செட்டு தூக்கச் சொன்னாவல்லா?” என்றார் சித்தப்பா, யாரையும் பார்க்காமல்.

மேடைப் படியில் அவற்றில் ஒரு கால் சறுக்கியது. பாட்டில் வெளியே வந்து உருண்டது. வாசல் நிலையில் ராக்கெட்டின் மூக்கு மாட்டிக்கொண்டது. அவர் பின்வாங்கி ஓர் உந்து உந்தினார். மூக்கு பிய்ந்து ஹாலிலேயே விழுந்துவிட்டது, மீதி தெருவுக்குப் போயிற்று. பூ வாங்க நின்றிருந்த பெண்கள் ஓ என்று அலறி விலகினார்கள். நடைபாதையில் ராக்கெட்டை மெதுவாக, அடிபடாமல், இறக்கி வைத்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா என்று பார்த்தேன். இல்லை, மறுபடி கையை முகர்ந்துகொண்டிருந்தார்.

“செருப்ப விட்டுட்டேன். எடுத்துட்டு வாலே” என்றார்.

எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போக சயான் பக்கம் திரும்பினோம். பிறகு அவரே சொன்னார்: “பெல்ட்டுக்காரன்ட்ட நான் போய்ச் சொல்லுதேன். அவம் இல்லாம நாடகம் கெடையாதுன்னு.” சொன்னார். அண்ணாச்சி கேட்டுவிட்டு, “அந்தப் பயலுவளுக்கு அடி கிடி படலையே?” என்று விசாரித்தார். பிறகு தன் முதல் வசனத்தைச் சொல்லிப் பார்த்தார்.

சபா அந்த நாடகத்தைப் போடத்தான் போகிறது. புது ராக்கெட் செய்கிறார்களாம். என் பேரை எடுத்துவிட்டார்களாம், நல்லது. குடித்து உருள்கிற மூன்று பேரைப் பார்த்து மாட்டுங்கா சிரிக்கட்டும். அதே சாயங்காலம் நாங்கள் தோல் காயப்போடும் மைதானத்தில் எங்கள் நாடகத்தைப் போடுகிறோம். பிரதி பாதிதான் இருக்கிறது. கவலையில்லை, மூன்று பேருக்கும் முழுவதும் மனப்பாடம். டிக்கெட் இல்லை, நாற்காலி இல்லை, வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். காரியதரிசிக்கும் ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறேன்.

மிதக்கும் காட்சிதான் இன்னும் சரியாக வரவில்லை. இதுவரை கையைக் காலை ஆட்டி ஒப்பேற்றினோம். இனிமேல் அப்படிப் போடமாட்டேன், வானத்தில் தொங்கினால்தான் ஆயிற்று. ஈரத் தோல் கட்டுகளை ஏற்றுகிற கப்பியை மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறோம். பழைய தோல் வார்களை இரட்டையாகத் தைத்து உப்பு மாமாவுக்கு ஒரு கச்சை தயார். நாளைக் காலை குழாயில் தண்ணீர் பிடித்து முடித்ததும் அவரைத்தான் முதலில் தூக்கிப் பார்க்கப் போகிறோம். அவர் தாங்கினால் அடுத்தது சித்தப்பா. கீழே வைக்கோல் போடலாம் என்றேன். வைக்கோல் தெரிந்தால் வானம் மாதிரி இருக்காதே என்று உப்பு மாமாவுக்குக் கவலை.