கோணி கழித்த எடை

செவ்வாய்க்கிழமை காலை தனராஜின் மகள் போனில் கூப்பிட்டாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாக" என்றாள். பிறகு, "நேத்து சாயங்காலம்கூட நடந்துட்டுத்தான் வந்தாக" என்றாள்.

தேனி பருத்தி மண்டி முதலாளியாக, ஒல்லியான, வேக நடைக்காரராக அவனை உங்களில் பலர் அறிவீர்கள். எனக்குத் தெரிந்த தனராஜ் பதினாறு வயதில், ஐந்தடி உயரத்துக்கு எழுபது கிலோ இருந்தான். நானும் அவனுக்குச் சளைத்தவன் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பள்ளிக் கபடி அணியில் சேர்வதென்றால் அவனுக்கு உயிர். எதிராளியின் காலைப் பிடித்தால் விடமாட்டான். ஆனால் அந்தப் பிரிவில் அறுபது கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. "எடையக் குறைச்சிட்டு வா, எடம் இருக்கு" என்று விளையாட்டு ஆசிரியர் சொல்லிவிட்டார். பெரியகுளத்தில் போட்டிக்கு ஐந்து மாதம் இருந்தது.

தினமும் காலையில் பெரியகுளம் சாலையில் இரண்டு மைல் நடந்தோம். திரும்பும்போது டீக்கடையில் ஆளுக்கு நான்கு உளுந்தவடை. ஒரு மாதத்தில் கால்சட்டை இறுகியதுதான் மிச்சம். அப்புறம் ஒருநாள் செங்கல் சூளை நாய் துரத்தியது. ஒரு புளியமரத்திலிருந்து அடுத்த மரம்வரை தலைதெறிக்க ஓடினோம். நாய் நின்றது, நடந்தோம். மறுபடி வந்தது, மறுபடி ஓடினோம். டீக்கடையைத் தாண்டிய பிறகுதான் வடை ஞாபகமே வந்தது.

"ஏலே, இதுதான்டா சங்கதி" என்றான் தனராஜ். "ஒரு மரத்துக்கு ஓட்டம், ரெண்டு மரத்துக்கு நடை."

தினமும் காலையில் பத்து ஓட்டம். நாய் பழகி வாலாட்டத் தொடங்கிய பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஓடும்போது நான் வாய் திறந்தால், "பேச முடியுதுன்னா நீ ஓடல, ஊர்வலம் போற" என்பான்.

ஞாயிறுதோறும் அவன் அப்பாவின் மண்டியில் எடை பார்ப்போம். தராசுக்காரர் சங்கையா பருத்தி மூட்டைகளுக்கு நடுவே அவனையும் ஏற்றி, எடையைக் கூவிச் சொல்வார். போட்டிக்கு முந்தின நாள், "ஐம்பத்தொம்பதரை!" என்றார். மண்டியே கைதட்டியது.

பெரியகுளம் தராசு அறுபத்தொன்றரை காட்டியது.

"எங்க தராசுல ஐம்பத்தொம்பதரை சார்" என்றான் தனராஜ்.

"ஒங்க தராச இங்கன தூக்கிட்டு வந்தியா? தள்ளு, அடுத்த ஆளு" என்றார் எடை பார்த்தவர்.

அவன் ஒரு மாமரத்தடியில் போய் உட்கார்ந்தான். கொண்டுவந்த கட்டுச்சோற்றை அவிழ்க்கவே இல்லை.

மாலையில் பெரியவர்களுக்கான ஆட்டம். அதில் எடைக் கட்டுப்பாடு கிடையாது. எங்கள் ஊர் அணியில் போடியிலிருந்து வரவேண்டிய ஒருவர் வரவில்லை. "அந்தக் குண்டுப் பயலயாவது கூப்பிடுங்கப்பா" என்றார் அணித்தலைவர். முதல் பாதியில் தனராஜை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் பாதியில் பெரிய ஆட்கள் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினார்கள். அவன் மட்டும் நேராக நின்றான். கடைசி நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு பேரைக் காலோடு பிடித்து உட்காரவைத்தான். ஒரு புள்ளியில் தோற்றோம். ஆனாலும் திரும்பும் பஸ்ஸில் தலைவர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இனி நீ நம்ம அணிதான். எடையெல்லாம் யாரும் கேக்கமாட்டோம்" என்றார்.

மறுநாள் சங்கையாவைப் பிடித்தோம். "கோணிக்கு ரெண்டு கிலோ கழிச்சுத்தான சொல்வேன், சின்ன மொதலாளி? நாப்பது வருசப் பழக்கம்" என்றார்.

"ஏண்ணே, நான் கோணியிலயா வந்தேன்?"

"மொதல்ல வந்தப்ப அப்படித்தான இருந்தீக?"

அதிகம் சிரித்தவன் தனராஜ்தான். எண்பதுகளில் கடைவீதியின் குண்டுப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் வைகை அணைக்குக் கூட்டிப்போய் ஓடவிட்டான். யாரையும் தராசில் ஏற்றியதில்லை. "எத்தனை ஓட்டம்?" என்று மட்டும் கேட்பான்.

நான் நிருபராக இருந்த காலமெல்லாம், யார் எந்த எண்ணைச் சொன்னாலும், "கோணி கழித்ததா, கழிக்காததா?" என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். அது அவன் தந்தது. சாலையில் அந்தப் புளியமரங்கள் இப்போது இல்லை. மின்கம்பங்களை வைத்து ஓட்டமும் நடையுமாகப் போய்வருகிறேன். போன மாதம் போனில், "எத்தனை ஓட்டம்டா?" என்றான். பத்து என்றேன்.

"கழிச்சுச் சொல்லுடா."

"ஆறு."

அவனை அடக்கம் செய்த மறுநாள் காலையும் போனேன். கழித்தே சொல்கிறேன், தனராஜ்: ஏழு.