எரிந்தால்தான் பிடிக்கும்

எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் வெர்னீஸ் ப்ளெட்சோவுக்குத் தூக்கம் வராது. அமெரிக்காவின் மேக்கன் நகரில் முப்பது வருடமாகக் கறுப்பினப் பெண்களுக்கு முடி அலங்காரக் கடை நடத்துகிறாள். ஊரில் எல்லார் கதையும் அவளுக்கு அத்துப்படி. தன் சொந்த முடி எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் தெரியாது. எட்டு வயதில் அம்மா சுருள்முடியை நேராக்கும் களிம்பைத் தடவியதிலிருந்து ஐம்பது வருடமாக அது மறைந்தே கிடக்கிறது.

அடிமைக் காலத்தில் வெள்ளைக்கார எஜமானர்களுடையதைப் போன்ற நேரான முடிதான் ‘நல்ல முடி’. விடுதலை வந்தது, அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. இயல்பான சுருளோடு வேலை கேட்டுப் போனால், “தலை வாரலையா?” என்பார்கள். இது யார் கிளப்பிவிட்டது என்று வெர்னீஸ்கூட ஒரு நாளும் கேட்டதில்லை. என்ன அநியாயம்!

போன மாதம் உச்சந்தலை வழுக்கையைத் தோல் மருத்துவரிடம் காட்டினாள்.

“களிம்பு போட்டா எரியுமாம்மா?”

“எரிஞ்சாத்தானே டாக்டர், பிடிக்குதுன்னு அர்த்தம்.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். அது தழும்பு, களிம்பும் காரணமாக இருக்கலாம், போன முடி திரும்பாது, பரவாமல் தடுக்கலாம் என்றார். கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கும் இந்தக் களிம்புக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறார்களாம்.

அன்றிலிருந்து அவள் தலையில் பொய்முடி, வாயில் பூட்டு. உண்மையைச் சொன்னால் கடை காலியாகிவிடுமே.

ஈஸ்டருக்கு முந்தின நாள். நாற்காலியில் பள்ளித் தோழி ஓனீட்டா, தேவாலயப் பாடகி. தோல் புண்ணாகாமலிருக்கக் காதோரம் வாசலின், தலை நிறையக் களிம்பு.

“எரியுதுடி. இன்னும் அஞ்சு நிமிஷம் விடு, நல்லாப் பிடிக்கட்டும்.”

முப்பது வருடமாக வெர்னீஸ் சொல்லிக்கொடுத்த பாடம் அது. குழாயைத் திறந்து ஓனீட்டாவின் தலையைக் கழுவ ஆரம்பித்தாள்.

“ஏய், பைத்தியமா உனக்கு? நாளைக்கு ஊர் முன்னாடி பாதிச் சுருளும் பாதி நேருமாவா நிக்கச் சொல்ற?”

வெர்னீஸ் பொய்முடியைக் கழற்றிக் குனிந்து காட்டினாள். மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

ஓனீட்டா ஈரமுடியை விலக்கித் தன் உச்சியைத் தடவிப் பார்த்தாள்.

“எனக்கும் இங்க வழவழன்னு இருக்கே. உனக்குத் தெரியுமா?”

“தெரியும்,” என்றாள் வெர்னீஸ். “ஒன்பது வருஷமா நான்தானே அது மேல முடிய இழுத்து வாரி விடறேன்.”