மலர் வைத்த கைநாட்டு

இந்த ஊரில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆஸ்லோவுக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய விசித்திரமாக இருந்தது. வாடகை ஒப்பந்தமோ வங்கிக் கணக்கோ பிள்ளையின் தடுப்பூசியோ, எதுவானாலும் கைபேசியில் ஒரு ரகசிய எண்ணைத் தட்டினால் வேலை முடிந்தது. பேனாவும் கையுமாகப் போய் நின்றால் பாவமாகப் பார்ப்பார்கள். எனக்கென்று ஒரு கையெழுத்து இருப்பதே மறந்துபோயிருந்தது. அப்போதுதான் மகள் மலருக்கு, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை எடுக்கலாமென்று இறங்கினோம். இங்கே பிறந்தவள், கையில் நார்வே கடவுச்சீட்டு. அந்த அட்டை இல்லாவிட்டால் சொந்தத் தாத்தா வீட்டுக்குப் போவதற்கே ஒவ்வொரு முறையும் விசா கேட்டு நிற்க வேண்டும். வருகிற ஆவணியில் அழகர்கோவிலில் பேத்திக்குக் காதுகுத்து என்று எழுமலையில் அப்பா சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

விண்ணப்பத்தில் கையெழுத்துக்கென்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. எழுதத் தெரியாத பிள்ளைகள் பெருவிரல் ரேகை வைக்கலாம். பேச்சுவாக்கில் இதை அப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன். கைபேசித் திரையில் அவர் முகம் சுருங்கிப் போனது.

"எம் பேத்தி கைநாட்டா? அதெல்லாம் வேணாம்த்தா. மூணு எழுத்துத்தான, எழுதப் பழக்கு."

"அவளுக்கு நாலு வயசுப்பா."

"எனக்கு நாப்பது வயசுல வந்துச்சு. அவளுக்கு வராதாக்கும்?"

அவர் கோபம் எனக்குப் புரிந்தது. அப்பா ஊரார் வயல்களில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். எழுதத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். அப்பா பெருவிரலை ஒற்றிவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்தபடி என்னைப் பார்க்காமல் வெளியே வந்தார். அந்த வாரமே அந்திப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தார். அவர் பெயரோ பெரியகருப்பன். வங்கியில் அவர் முழுப் பெயரையும் எழுதி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் நெளிந்துவிடுவார்கள். அவர் அசர மாட்டார். கடைசிப் புள்ளியையும் வைத்துவிட்டு, காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

அதனால் நானும் மலரோடு மல்லுக்கு நின்றேன். சாப்பாட்டு மேசையில், பேருந்தில், குளிக்கும்போது கண்ணாடியில் படிந்த ஆவியில் என்று எங்கும் எழுத வைத்தேன். பார்னஹாகேயில், அதாவது இங்கத்துப் பாலர் பள்ளியில், அவள் தன் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஆசிரியை "எவ்வளவு அழகான நத்தைகள்!" என்று பாராட்டி, தாளைச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தார். அது அவள் பெயர் என்றேன். "ஓ, நத்தைக்குப் பெயர் வைத்திருக்கிறாளா?" என்று சிரித்தார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இந்தியத் தூதரகத்தில் தேதி வாங்கியிருந்த நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

தூதரக ஜன்னலுக்குப் பின்னால் வடக்கத்திக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். மலரிடம் இந்தியில் பேசினார், அவள் நார்வேஜியனில் பதில் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் சமாளித்தேன். மலர் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். முதல் எழுத்தே கட்டத்தை நிறைத்துவிட்டது, மற்ற இரண்டும் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டன. "கோட்டில் படக்கூடாது மேடம்," என்று புதுத் தாள் கொடுத்தார். அதிலும் அப்படியே. அடுத்த தாளிலும் அப்படியே. எழுதத் தெரிந்த பிள்ளைதான், ஆனால் அந்தக் கட்டத்துக்குள் எழுதத் தெரியவில்லை. இன்னொரு நாள் வரலாமா என்று கேட்டேன். கணினியைப் பார்த்துவிட்டு, முடியாதென்று தலையாட்டினார். அடுத்த தேதி கிடைத்து அட்டையும் வருவதற்குள் ஆவணி போய்விடும். பிறகு மைப்பெட்டியை மெதுவாக எங்கள் பக்கம் தள்ளினார்.

அவர்மேல் கோபமில்லை. அந்தக் கட்டத்தின்மேல், பிடிவாதம் பிடித்த அப்பாவின்மேல், இவ்வளவு தூரம் வந்து நிற்கிற என்மேல். அவள் விரலைப் பிடித்து மையில் தோய்த்து ஒற்றினேன். மலருக்கு ஒரே கொண்டாட்டம். "என் காங் தில்!" என்றாள். இன்னொரு தடவை என்று அர்த்தம். அவர் காகிதத் துண்டை எடுத்து நீட்டுவதற்குள் என் கை அவள் விரலைத் துடைத்து, அந்த மையை என் தலைமுடியிலேயே தேய்த்துவிட்டிருந்தது. அவர் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது அப்பாவே வீடியோவில் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"இன்னைக்குக் காலையில ரேசன் கடைக்குப் போனேன்த்தா," என்றார். "மெசினு இந்தத் தடவையும் என் விரல எடுக்கல. மம்பட்டி பிடிச்சு ரேகையெல்லாம் தேஞ்சு போச்சாம். கையெழுத்துப் போடுறேன்னு சொன்னேன். அது செல்லாதாம்." அதோடு பேச்சை மாற்றினார். "புள்ளைக்கு நல்லா விழுந்துச்சா?"

"அம்புட்டும் தெளிவா விழுந்துச்சுப்பா."

மலர் நீல விரலைத் திரைக்கு நேரே நீட்டினாள். அப்பாவும் பதிலுக்குத் தன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"தாத்தாக்கு மை வைக்கலையா?" என்று மலர் கேட்டாள்.

"தாத்தனத்தான் யாருன்னு தெரியலையாம் கண்ணு. உன்னையத் தெரிஞ்சிருச்சுல்ல. கெளம்பி வா."

அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. டிராம் தூரத்தில் வருவதைப் பார்த்து அழைப்பை முடித்து, மலரின் சட்டையைச் சரிசெய்தேன். பயணச்சீட்டு கைபேசிக்குள் இருக்கிறது. திறப்பதற்காகப் பெருவிரலை வைத்தேன். விரலில் மலரின் மை ஒட்டியிருந்ததால் கைபேசி என்னை ஏற்கவில்லை. விரலைத் தலைமுடியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்போதும் திறக்கவில்லை. வந்து நின்ற டிராமின் படியில் மலர் ஏறி நின்று, வா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.