நடுவில் ஓர் எகரம்

பாரசீகம் தமிழ் மாதிரியேதானாம். வினைச்சொல் கடைசியில்தான் வருமாம், அவன் அவள் என்ற பேதமே கிடையாதாம், தமிழ் பேசுகிறவன் ஒரே மாதத்தில் பேசிவிடலாமாம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவருக்கு இதைச் சொன்னவர், பக்கத்து மேசையில் ஃபிரேம் மாட்டுகிறவர். ஃபிரேம்காரருக்குச் சொன்னது அவருடைய மச்சினர். மச்சினருக்கு யார் சொன்னது என்று கேட்டிருக்கலாம்.

கேட்டுக்கொண்டிருக்கிற நிலையில் லென்ஸ் தேய்ப்பவர் இல்லை. தாயில்லாத மகள் பாரசீகம் பேசும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருடம். தூரத்து ஊரில் இருக்கும் சம்பந்தியம்மாவுக்குப் பாரசீகம் தவிர வேறொன்றும் தெரியாது. கல்யாணத்தன்று கைகூப்பிச் சிரித்ததோடு சரி, இவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது மகளுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்கு வரச் சொன்னால், “பெண்ணின் அப்பா தன் வாயால் கூப்பிடட்டும், வருகிறேன்” என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார் அந்த அம்மா.

முப்பது நாள் தொண்டைத் தண்ணீர் வற்றப் படித்தார். வினைச்சொல் கடைசியில் வந்தது, வாஸ்தவம். நம் ‘ஐ’ இருக்கும் இடத்தில் அங்கே ஒரு ‘ரா’. கெதாப் என்றால் புத்தகம், கெதாப் ரா என்றால் புத்தகத்தை. இவ்வளவுதானா என்று தெம்பாகி, மதியம் தேய்ப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பேசிப் பதிவுசெய்து சம்பந்தியம்மாவுக்கு அனுப்பியும் விட்டார்.

சாயங்காலம் அதைக் கேட்ட மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“முதல் வரியில என்னப்பா சொன்னீங்க?”

“மணப்பொண்ணோட அப்பா பேசறேன்னு. மன் அரூஸெ பெதர் ஹஸ்தம். அரூஸ் மணப்பொண்ணு, ‘எ’ன்னா நம்ம ‘ஓட’, பெதர் அப்பா. இதுல என்ன தப்பு?”

“நடுவுல அந்த ‘எ’ வந்தா எல்லாம் தலைகீழ்ப்பா. யாரோடதுங்கிறது பின்னாடி வரணும். பெதரெ அரூஸ். நீங்க சொன்னதுக்கு, ‘நான் அப்பாவோட மணப்பொண்ணு’ன்னு அர்த்தம்.”

“யாரோட அப்பா?”

“அதைத்தான் அவங்களும் யோசிச்சிட்டிருப்பாங்க.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “எல்லாத்தையும் நம்ம மாதிரியே வெச்சுட்டு, இந்த ஒரு இடத்துல மட்டும் எதுக்குக் குப்புறக் கவுத்தாங்க? இந்த லட்சணத்துல ஒரே மாசமாம்.”

“அவரை விட்டு விளக்கிச் சொல்லச் சொல்லட்டுமா?”

“மாப்பிள்ளை சொன்னா நான் கூப்பிட்டதா ஆகுமாம்மா?”

மகள் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். செய்தியை மதியமே கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள். பதில் இல்லை.

அவரே சம்பந்தியம்மாவின் எண்ணை அழுத்தினார். பெதரெ அரூஸ், பெதரெ அரூஸ் என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது. மறுமுனையில் மூன்று முறை மணி அடித்தது, நான்கு முறை.

“வெச்சிடவா?”

“இருங்கப்பா. அவங்க மெதுவாத்தான் எடுப்பாங்க.”

ஏழாவது மணியும் அடித்தது. அவர் வைக்கவில்லை.