செவ்வாய்க்கிழமை வரை வைத்திருந்த பாட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இதைத் தட்டச்சு செய்கிறவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் நான் சொல்லும் விஷயத்தைத் திருத்த வேண்டாம். கேட்காமல் திருத்தியதால் வந்த கதைதான் இது. இந்த வேலையைப் பழக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

லண்டனில் ஸ்ட்ரெதம் என்ற இடத்தில், பரம் அண்ணையின் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். பழைய கசெற், ரீல், வீடியோ எல்லாவற்றையும் சீடியாகவும் டிவிடியாகவும் மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். முன்பக்கத்தில் அண்ணை வாடிக்கையாளர்களோடு பேசுவார். பின்பக்கத்துச் சிறிய அறையில் நான் இருப்பேன். ஆட்களோடு பேசத் தேவையில்லாத வேலை என்பதால்தான் இது எனக்குப் பிடித்தது. ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் எனக்குப் புதியவர்களோடு பேச வராது.

கசெற்றை நான் பழகியது யாழ்ப்பாணத்தில், சண்டைக் காலத்தில். கரண்ட் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் பாட்டுக் கேட்போம். சுற்றுகிறவருக்குக் கை களைத்தால் பாட்டு இழுபடும், சுருதி இறங்கும், பாடுகிற இளைஞர் கிழவராகிவிடுவார். அதனால் ஒரு பாட்டு அரைச் சுரம் இறங்கி ஓடினாலும் என் காதுக்கு உடனே தெரியும். சுருதி இறங்கினால் ஓட்டத்தில் பிழை. அப்படித்தான் என் மனதில் பதிந்திருந்தது.

மாணிக்கம் ஐயா வந்தது

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாணிக்கம் ஐயா வந்தார். மலேசியாக்காரர். படிக்க வந்து, கணக்காளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு கசெற்றும், ஒரு பை நிறைய இசைத்தட்டுகளும் சீடிகளும். எல்லாம் ஒரே ஓபரா. முந்நூறு வருடத்துக்கு முந்தியது என்றார். ஓபரா என்றால் நாடகம், ஆனால் வசனம் முழுவதும் பாட்டாக இருக்கும். எனக்கு அதைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

கசெற்றில் பாடியது அவருடைய ஒரே மகள் சுதா. சுதா இங்கே இந்தச் சங்கீதம் படித்தவர். தெற்கு லண்டனில் ஒரு சேர்ச் மண்டபத்தில், சிறிய குழு ஒன்று அந்த ஓபராவைப் போட்டபோது ராணியாகப் பாடினார். அதற்கு அடுத்த வருடம் நோய் வந்து இறந்துவிட்டார். ஐயா அந்த நிகழ்ச்சிக்குப் போகவில்லை. மனைவி லெட்சுமி அம்மா மட்டும் தனியாகப் போனார். பக்கத்தில் இருந்த யாரோ பெற்றரியில் ஓடும் சின்ன ரெக்கோடரில் பதிந்து, பிறகு அம்மாவிடம் கொடுத்த கசெற் இது.

இப்போது லெட்சுமி அம்மா வெஸ்ட் ஈலிங்கில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். மறதி நோய். இதயமும் பலவீனம். அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு ஆட்களை அடையாளம் தெரியவில்லை. ஆனால் மகளின் பாட்டைப் போடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அவளுக்கு இதைப் போட்டுக் காட்டணும் தம்பி," என்றார் ஐயா. "கண்ணை மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுட்டாப் போதும். வீட்டுல இருக்கிற பிளேயர்ல போட பயமா இருக்கு. டேப் அறுந்துட்டா வேற கிடையாது."

இன்னொரு காரணமும் இருந்தது. "இந்தப் பாட்டெல்லாம் நமக்கு எதுக்கு, உன்னை யார் வந்து பார்ப்பான்னு அன்னிக்கு சுதாகிட்ட கேட்டேன். இப்ப எனக்கே தெரிஞ்சுக்கணும். மத்தவங்க பாடினதோட வச்சுப் பார்த்தா இவ எப்படிப் பாடினா? எனக்குக் காது கிடையாது. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

எனக்கு அந்தச் சங்கீதம் தெரியாது என்றேன். காது இருந்தால் போதும் என்றார்.

ஒரே பாட்டு, நான்கு ராணிகள்

கதை சிக்கல் இல்லை. ராஜா போருக்குப் போகிறார். இறந்துவிட்டார் என்று செய்தி வருகிறது. எதிரி ராஜா ராணியைக் கல்யாணம் செய்யக் கேட்கிறான். மூன்றாம் பகுதியில் ராணி தனியாக நின்று ஒரு பாட்டுப் பாடுகிறாள். ஐயா அந்த ஒரு பாட்டைத்தான் ஒவ்வொன்றிலும் போடச் சொன்னார்.

அந்தப் பாட்டு மூன்று துண்டு. முதல் துண்டு, வேறு மாதிரியான நடுத்துண்டு, பிறகு மறுபடியும் முதல் துண்டு. சொல் மாறாது. ஆனால் திரும்பி வரும்போது பாடுகிறவர் தன் விருப்பப்படி மெட்டை வளைத்து நெளித்துச் சங்கதி போட்டுக்கொள்ளலாம். சீடியோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பார்த்து ஐயா எனக்கு இதை விளக்கினார். பாடுகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமென்றால் திரும்பி வரும் துண்டைக் கேட்க வேண்டும் என்று அன்றே எனக்குப் பட்டது.

முதலாவது, பெரிய இசைத்தட்டு. வாத்தியம் மிக அதிகம். பாடும் அம்மாவின் குரல் கனமானது. திரும்பி வரும் துண்டையே வெட்டிவிட்டார்கள். ராணி அழத் தொடங்கும்போது கதவைச் சாத்தியது போல இருந்தது. இரண்டாவது சீடியில் திரும்பி வரும்போது சங்கதிக்கு மேல் சங்கதி. கெட்டித்தனம்தான். ஆனால் புருஷன் செத்த பெண் இவ்வளவு வேலை செய்வாளா என்று ஐயா கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். மூன்றாவதில் எல்லாம் அளவாக இருந்தது. அதனாலோ என்னவோ மனதில் ஒன்றும் நிற்கவில்லை.

பிறகு சுதாவின் கசெற்றைப் போட்டேன். மற்ற மூன்றையும் விட அது அரைச் சுரம் இறங்கி இருந்தது. மேசையில் இருக்கும் சின்னக் கீபோட்டில் வைத்துப் பார்த்தேன். சரியாக அரைச் சுரம். சின்னப் பெற்றரி ரெக்கோடர், பதியும்போது கூடின ஸ்பீடில் ஓடியிருக்கும், அதனால் இப்போது இறங்கிக் கேட்கிறது என்று நினைத்தேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஐயாவை அடுத்த நாள் வரச் சொன்னேன்.

எங்கள் வழக்கப்படி முதலில் இரைச்சலை எடுத்தேன். மண்டபத்து டியூப் லைட்டின் இரைச்சல் கசெற் முழுவதும் இருந்தது. அதைச் சுத்தமாக வெட்டினேன். பிறகு ஸ்பீடைக் கூட்டி, மற்றச் சீடிகளின் சுருதிக்குக் கொண்டுவந்தேன். நல்ல வேலை செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் ஐயா வந்து கேட்டார். குரல் மெல்லியதாக, கூர்மையாக இருந்தது. திரும்பி வரும் துண்டு ஓடி முடிந்தது போல இருந்தது. 

"அவசரப்பட்டிருக்கா," என்றார். "பயந்திருப்பா. நான் வரலைன்னு தெரியும்ல."

எனக்கும் அப்படித்தான் கேட்டது. அவர் சீடியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெஸ்ட் ஈலிங்குக்குப் போனார்.

டிவிடி மெதுவாக ஓடாது

அடுத்த செவ்வாய்க்கிழமை ஐயா வந்தபோது முகம் வாடியிருந்தது. சீடியைப் போட்டதும் லெட்சுமி அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாராம். "இது என் பொண்ணு இல்லே, நிறுத்துங்க" என்றாராம். மூன்று முறை போட்டும் அதையே சொன்னாராம்.

"பெத்த பிள்ளை குரலே மறந்து போச்சு தம்பி. எனக்குக் கோபம் வந்துருச்சு. உனக்குப் புத்தி போயிருச்சுன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது."

அன்று அவர் ஒரு டிவிடி கொண்டுவந்திருந்தார். அதே ஓபரா, சமீபத்தில் மேடையேறியது. அதில் அரண்மனை கிடையாது. ஒரு விமான நிலையம். ராணி சாதாரண கோட் போட்டு, கதிரையில் ஒரு சூட்கேசை அணைத்தபடி இருந்து பாடினாள். சேர்ச் மண்டபத்தில் சுதாவும் மேடைச் சாமான் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு கதிரையை வைத்துத்தான் பாடியதாக அம்மா முன்பு சொன்னதை ஐயா நினைவு கூர்ந்தார்.

நான் படத்தைப் பார்க்கவில்லை. என் காது சுருதியில் நின்றது. டிவிடியும் அரைச் சுரம் இறங்கி இருந்தது. கீபோட்டைத் தொட்டுப் பார்த்தேன். கசெற் மெதுவாக ஓடலாம். டிவிடி அப்படி ஓடாது.

இது ஏன் கீழே இருக்கிறது என்று கேட்டேன். ஐயா கண்ணாடியைப் போட்டு, கூட வந்த சின்னப் புத்தகத்தை வாசித்தார். இந்தக் குழு அந்தக் காலத்து வாத்தியங்களையே வாசிக்கிறதாம். அந்தக் காலத்துச் சுருதி இப்போதையதை விட அரைச் சுரம் கீழேயாம். "சுதா குழுவும் பழைய வாத்தியம்தான்னு சொல்லுவா," என்றார் சாதாரணமாக.

அப்படியென்றால் சுதாவின் கசெற்றில் பிழையே இல்லாமல் இருக்கலாம். நிச்சயமாகத் தெரியாமல் சொல்லக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். அவர் போனதும் கசெற்றை எடுத்து, ஸ்பீடைத் தொடாமல், இரைச்சலை வெட்டாமல் போட்டேன். மண்டபத்து டியூப் லைட் இரைந்தது. என் தலைக்கு மேலே எங்கள் டியூப் லைட்டும் இரைந்தது. இரண்டும் ஒரே சுருதி. இந்த நாடு முழுவதும் கரண்டுக்குச் சுருதி ஒன்றுதான். ரெக்கோடர் பிழையாக ஓடியிருந்தால் அந்த இரைச்சலும் இறங்கியிருக்கும். அப்படியென்றால் கசெற் சரியான வேகத்தில்தான் ஓடியிருக்கிறது. சாட்சி சொல்ல இருந்த ஒரே சத்தத்தை நான் முதல் வேலையாக வெட்டி எறிந்திருந்தேன்.

லெட்சுமி அம்மாவுக்கு எதுவும் மறக்கவில்லை. அது அவருடைய பெண்ணின் குரல் இல்லை. நான் செய்த குரல்.

போன்

புதன்கிழமை காலையே சரியான சீடியைச் செய்து முடித்தேன். பரம் அண்ணையிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"இப்பவே போன் எடுத்துச் சொல்லு. அந்த மனிசி எத்தனை நாளைக்கு இருக்குமோ தெரியாது."

"ஓம் அண்ணை."

"உனக்குக் கதைக்க வெக்கமெண்டா நான் கதைக்கட்டோ?"

"இல்லை அண்ணை, நான் செய்த பிழை. நானே சொல்லுறன்."

நம்பரை எடுத்து வைத்தேன். என்ன சொல்வது என்று ஒரு துண்டில் எழுதியும் பார்த்தேன். என் எழுத்தையே எனக்கு வாசிக்க முடியவில்லை. இரண்டு தரம் நம்பரை அடித்து, மணி கேட்கும் முன் வைத்துவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொன்னால் நல்லது, செவ்வாய்க்கிழமை வருவார்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னேரம் அண்ணை கேட்டபோது, "எடுக்கினம் இல்லை அண்ணை," என்று பொய் சொன்னேன். வியாழக்கிழமையும் அதையே சொன்னேன். அந்தச் சீடி என் மேசை லாச்சியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஐயா வரவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். சவரம் செய்யாத முகம். லெட்சுமி அம்மா பத்து நாளுக்கு முன், சனிக்கிழமை காலை போய்விட்டார் என்றார். சரியான சீடி என் லாச்சிக்குள் போய் மூன்று நாளில் அது நடந்திருக்கிறது. கசெற்றைத் திருப்பி வாங்கிப் போகத்தான் வந்திருந்தார்.

நான் அவரை உள்ளே கூட்டிப் போய்க் கதிரையில் இருத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அரைச் சுரத்தை, டியூப் லைட்டை, எடுக்காத போனை. என் வாழ்க்கையில் ஒருவரிடம் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றுதான். பிறகு சீடியைப் போட்டேன்.

சுதாவின் உண்மையான குரல் தணிவானது. நடுத்துண்டு முடிந்ததும் ஓர் இடைவெளி விட்டிருந்தார். நான் ஸ்பீடைக் கூட்டி ஓட்டியபோது சுருங்கிப் போன இடைவெளி. மண்டபத்தில் யாரோ இருமுகிறார்கள். அதற்குப் பிறகும் அவர் காத்திருக்கிறார். திரும்பி வரும் துண்டில் சங்கதியே போடவில்லை. ஒரே ஒரு சொல்லை மட்டும் மூச்சு முடியும் வரை பிடித்து, மெல்ல விட்டார். நான் கேட்ட மற்ற நான்கு ராணிகளில் ஒருவரும் அப்படிச் செய்யவில்லை.

"எப்படி?" என்று ஐயா கேட்டார்.

"அவசரப்படேல்லை ஐயா," என்றேன்.

அவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். "அப்போ லெட்சுமிக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். "நான்தான் புத்தி போயிருச்சுன்னு சொன்னேன். கடைசியா அவகிட்ட கோபமாப் பேசினது அதுதான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். திட்டவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார். பாட்டு முடிந்து கைதட்டல் வந்தது. நாற்பது ஐம்பது பேர் இருக்கும். நிறுத்தப் போன என் கையைப் பிடித்தார்.

"இருங்க. இதுல லெட்சுமி கையும் இருக்கு."

கைதட்டல் ஓய்ந்து, டியூப் லைட் மட்டும் இரையும் வரை இருவரும் கேட்டோம். இரைச்சலை வேண்டுமானால் எடுத்துத் தருகிறேன் என்றேன். "வேணாம் தம்பி, அப்படியே இருக்கட்டும்," என்றார். அதன் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் போன் எடுத்தேன். அந்த நம்பர் இப்போது இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டுதான். ஸ்பீடைத் தொடுவதற்கு முன் இரைச்சலைக் கேளுங்கள். பிழை விட்டால் அன்றைக்கே போன் எடுங்கள், நாக்குப் புரளாவிட்டாலும் பரவாயில்லை. முதலாவதைப் பழக எனக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. இரண்டாவதை இப்போதுதான் பழகுகிறேன். பரம் அண்ணையிடம் அன்று சொன்னது பொய் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்வார்.

2025 ஒக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை.